சாணமும் குப்பையும் நம்முடையது, வாயு யாருக்கு?

(தொட்டியத்தில் நடந்த விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வாழைத்தார் விலையும் வாய்க்கால் தண்ணீரும் பேசாத கூட்டம் நம்ம சங்கத்தில் கிடையாது. இன்னைக்கு அதை ஒரு ஓரமா வைத்துவிட்டு, நாம் பேசப்போவது சாணியைப் பற்றி. சாணி, வாழைமரத்துத் தண்டு, சருகு, சந்தைக் குப்பை, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, இவற்றைப் பற்றி. இது பேசுற விஷயமா என்று சிலபேர் சிரிக்கலாம். இந்தக் குப்பைக்கு இன்றைக்கு டெல்லியில் திட்டம் போடுறாங்க, கோடிக்கணக்கில் நிதி ஒதுக்குறாங்க. 2023 மத்திய பட்ஜெட்டில் 'கோபர்தன்' திட்டத்தில் 500 புது ஆலைகள், 10,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தார்கள். நம்ம கொட்டகையில் கிடக்கிற சாணிக்கு இவ்வளவு பெரிய கணக்கு போடுறாங்கன்னா, அந்தக் கணக்கில் நம்ம பங்கு எது என்று கேட்கத்தானே வேண்டும்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மீத்தேன் என்று சொன்னாலே நம்ம ஆட்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். மன்னார்குடி பக்கம் நிலத்தைத் துளைத்து நிலக்கரிப் படுகையில் இருக்கிற மீத்தேனை உறிஞ்ச 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். டெல்டா விவசாயிகள் எழுந்து நின்றதால் 2013-ல் மாநில அரசு அதை நிறுத்தி வைத்தது. 2017-ல் நெடுவாசல். பிறகு 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் சேர்ந்தன. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களை விட்டுவிட்டார்கள். காவிரி நம்ம காலை நனைத்துவிட்டுத்தான் தஞ்சாவூர் போகிறது, ஆனாலும் நாம் மண்டலத்துக்கு வெளியே! அந்தச் சண்டை தனி, அதை நாம் விடப்போவதில்லை.

சாண எரிவாயுவிலும் எரிகிற பொருள் அதே மீத்தேன்தான். ஆனால் இதற்கு பூமியைத் துளைக்க வேண்டாம், நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டாம். சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் ஊற்றினால், அதில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை விடும். மாட்டு வயிற்றுக்குள் நடக்கிற வேலையே தொட்டிக்குள்ளேயும் நடக்கிறது. வருகிற வாயுவில் ஐம்பத்தைந்து, அறுபது பங்கு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. முட்டை அழுகின நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம், அது உயிர் போகிற விஷயம்.

நம்ம ஊர்த் தொட்டிகள் ஏன் செத்தன?

இது புதுசா வந்த வித்தை இல்லை. பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே கழிவிலிருந்து வாயு எடுத்து எரித்தார்கள். 1950-களில் ஜஷ்பாய் படேல் இரும்பு டிரம் மிதக்கிற மாதிரித் தொட்டியை உருவாக்கினார், அதைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டு போனது. நம்ம பெரியவர்கள் 'கோபர் கேஸ்' என்று சொல்வது அதைத்தான். டிரம் துருப்பிடித்தது, வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணும், இரும்பு விலை ஏறியது. அதனால் 1984-ல் 'தீனபந்து' மாதிரி வந்தது. செங்கல், சிமெண்ட், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு குவிமாடம். இரும்பு கிடையாது, அசைகிற பாகம் கிடையாது, பூமிக்குள்ளேயே இருக்கும். 1981-82-ல் தேசிய அளவில் திட்டம் போட்டு, இதுவரை நாட்டில் 50 லட்சம் தொட்டிக்கு மேல் கட்டியதாக அரசுக் கணக்கு சொல்கிறது.

கட்டியது சரி. எரிவது எத்தனை? நம்ம பகுதியில் ஒரு தெருவில் நடந்து பாருங்க. பழைய தொட்டி இருந்த இடத்தில் இன்றைக்குத் தேங்காய் மட்டை அடுக்கியிருக்கும், இல்லாட்டிக் கோழி அடைஞ்சிருக்கும். ஏன் இப்படி ஆச்சு? விவசாயிக்குப் பொறுப்பில்லை, சோம்பேறி, சாணி கரைக்க வெட்கப்படுகிறான் என்று அதிகாரிகள் மேடையில் பேசுவார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

குவிமாடத்துக்குள்ளே பூச்சு வேலை முடி அளவு விரிசல் விட்டாலும் வாயு நிற்காது. அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார் வட்டாரத்துக்கு ஒருத்தர்கூட இல்லாமல் போனார். குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டால் அடுப்பு எரியாது. தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் தீர்ந்தது. இதைக்கூடச் சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. இலக்கு முடிந்ததும் போட்டோ எடுத்தார்கள், ஜீப் போய்விட்டது. உழவுக்கு டிராக்டர் வந்து ஏர்மாடு போனது, நாலு மாடு இருந்த வீட்டில் ஒண்ணு ஆனது, தொட்டிக்குத் தீனி பத்தவில்லை. தமிழ்நாட்டில் 2007-ல் இலவச காஸ் அடுப்பு வந்தது, 2016-ல் உஜ்வாலா வந்தது. சிலிண்டர் வாசலுக்கு வரும்போது எந்தத் தாய் காலையில் சாணி கரைப்பாள்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

சீனாவிலும் இதே கதைதான். 2010 வாக்கில் அங்கே சுமார் 4 கோடி வீட்டுத் தொட்டிகள் இருந்தன. பன்றி வளர்ப்பு வீட்டை விட்டுப் பெரிய பண்ணைக்குப் போனது, பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள், தொட்டிகள் காய்ந்தன. ஆனால் நேபாளத்தைப் பாருங்க. மலைநாடு, ஏழை நாடு, குளிரில் வாயு குறைவாகத்தான் வரும். 1992-ல் தொடங்கிய திட்டம் அங்கே நின்று பிடித்தது. மூணு லட்சத்துக்கு மேல் தொட்டிகள் கட்டினார்கள். ஒரே மாதிரி வடிவம், பயிற்சி பெற்ற கொத்தனார், கட்டினவனே சில வருஷத்துக்குப் பழுது பார்த்துத் தரணும் என்று உத்தரவாதம், தரம் இல்லாவிட்டால் கட்டின கம்பெனிக்கு அபராதம். அங்கே விவசாயி மட்டும் ரொம்ப ஒழுங்கா? நம்மைப் போலத்தான். பழுது பார்க்க ஆள் வந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டு மாட்டுக்காரன் கணக்கு

இப்போது நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம். ரெண்டு மூணு மாடு, நாளைக்கு 25 கிலோ சாணம், 25 லிட்டர் தண்ணீர். இது ஒரு கன மீட்டர் தொட்டிக்குப் போதும். நம்ம ஊர் வெயிலுக்குத் தினமும் ஒரு கன மீட்டர் வாயு வரும். நாலு பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு அது சரியா இருக்கும். ஒரு கன மீட்டர் வாயு கிட்டத்தட்ட 430 கிராம் சிலிண்டர் காஸுக்குச் சமம். மாதத்துக்கு 13 கிலோ. சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அப்படியானால் மாதம் ஒரு சிலிண்டர், கொஞ்சம் குறைய.

சிலிண்டர் விலையை நாம் சொல்லி யாருக்கும் தெரியணும்னு இல்லை. 2023 தொடக்கத்தில் 1,100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 200 குறைத்தார்கள், 2024 மார்ச்சில் 100 குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் 50 ஏற்றினார்கள். நாடு எரிக்கிற சமையல் காஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. வளைகுடாவில் குண்டு வெடித்தால் தொட்டியத்தில் உலை கொதிக்காது என்கிற நிலை.

சிலிண்டர் வாங்க முடியாத மாதத்தில் என்ன நடக்கிறது? மறுபடியும் சீமைக்கருவேல் முள், தென்னை மட்டை, வறட்டி. அந்தப் புகையை ஊதி ஊதி எத்தனை தாய்மார்களுக்குக் கண்ணும் நெஞ்சும் கெட்டுப் போனது! சாண வாயு புகையாமல் நீலமாக எரியும். பாத்திரம் கரி பிடிக்காது. விறகு பொறுக்கப் போகிற நேரம் மிச்சம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. விறகு வேலை குறைந்தாலும் சாணி கரைக்கிற வேலை, தண்ணீர் சுமக்கிற வேலை அதே தாய் தலையில்தான் விழுகிறது. வீட்டு ஆம்பிளைகள் கரைக்காத தொட்டி ரொம்ப நாள் ஓடாது. (கூட்டத்தில் பெண்கள் பக்கம் கைதட்டல்.)

வாயுவை விடப் பெரிய லாபம் வெளியே வருகிற சாணக் கரைசல்தான். வாயுவாகப் போவது கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் கரைசலில் அப்படியே நிற்கிறது. வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். ஒரு கன மீட்டர் தொட்டிக் கரைசலில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவில் இருக்கிற அளவு தழைச்சத்து கிடைக்கும், அதோடு மண்ணைப் பஞ்சு மாதிரி வைத்திருக்கிற மக்கும். வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் இதைவிட என்ன வேணும்? வெயிலில் காயவைத்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். பாய்ச்சுகிற தண்ணீரோடு வாய்க்காலில் விடுங்க, இல்லாவிட்டால் சருகோடு குழியில் போட்டு மக்கவிடுங்க. தொட்டியில் வெந்து வந்த கரைசலில் களை விதையும் பெரும்பாலும் முளைக்காது, ஈ மொய்ப்பதும் குறைவு.

வாழைத் தண்டு

நம்ம பகுதியில் தார் வெட்டினதும் ஒரு ஏக்கரில் 20 டன்னுக்கு மேல் மரம் சாய்கிறது. அதை என்ன செய்கிறோம்? வரப்பில் போடுறோம், வாய்க்காலில் தள்ளுறோம், பிறகு வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று நாமே மனுக் கொடுக்கிறோம்! தண்டை நறுக்கிச் சாணத்தோடு கலந்து தொட்டியில் போடலாம். ஆனால் 20 டன்னைக் கேட்டு ஏமாறாதீங்க, அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நார் கூடுதல், முழுசா போட்டால் மேலே மிதந்து ஆடை கட்டி வாயு வருகிற வழியை அடைத்துவிடும். விரல் நீளத்துக்கு நறுக்கணும், சாணத்தைவிடக் குறைவா கலக்கணும். இன்னொன்று, வாழை மண்ணிலிருந்து எடுக்கிற சாம்பல்சத்தில் பெரும்பங்கு அந்தத் தண்டிலும் இலையிலும் இருக்கிறது. 'கழிவுதானே, நாங்க இலவசமா அள்ளிக்கிட்டுப் போறோம்' என்று ஒருத்தன் லாரியோடு வந்தால், அவன் அள்ளுவது உங்க பொட்டாஷ் மூட்டை என்று நினைவில் வையுங்க.

நம்ம மாவட்டத்திலேயே தாயனூரில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு. தண்டை எப்படி நறுக்கி, எவ்வளவு கலந்து, எந்தத் தொட்டியில் போடுவது என்று சிறு விவசாயி கையில் கொடுக்கிற மாதிரி ஒரு செய்முறையைத் தொட்டியத்துக்கே வந்து செய்து காட்டச் சொல்லிக் கேட்போம். நெந்திரனும் பூவனும் இங்கேதான் இருக்கு, தண்டும் இங்கேதான் கிடக்கு.

சோறு, காய்கறி மிச்சம், பழத்தோல் இவற்றில் சாணத்தைவிடப் பல மடங்கு வாயு உண்டு. காரணம் எளிது. சாணத்தில் இருக்கிற சத்தை மாடு ஏற்கனவே எடுத்துக்கொண்டது. சோற்றில் அது முழுசா இருக்கு. புனேயில் ஆனந்த் கார்வே குழு இதற்கென்றே சின்னத் தொட்டி செய்து 2006-ல் லண்டனில் ஆஷ்டன் விருது வாங்கியது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரமும் சமையலறைக் கழிவுக்குத் தொட்டி செய்கிறது. ஆனால் அளவுக்கு மீறிப் போட்டால் தொட்டி புளித்துப்போகும். புளித்த தொட்டியில் வாயு நிற்கும், நாற்றம் மட்டும் மிஞ்சும். இட்லி மாவு மாதிரிதான், பக்குவம் தெரியணும்.

உயிர் விஷயம்

சொன்னோமே, ஹைட்ரஜன் சல்பைடு. தொட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று உள்ளே இறங்கி மயங்கி விழுந்தவர்களும், அவர்களைத் தூக்கக் குதித்துக் கூடவே செத்தவர்களும் நாட்டில் பலபேர். காலியாகத் தெரிகிற தொட்டியிலும் அந்த வாயு அடியில் தங்கியிருக்கும். கொஞ்சம் இருந்தால் நாறும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆகவே யாரும், எக்காரணம் கொண்டும், ஆள் இறங்கக் கூடாது. கூலிக்கு ஆள் பிடித்து இறக்குவது அதைவிடப் பாவம், சட்டப்படி குற்றமும்கூட. முதலில் வருகிற வாயுவில் காற்றுக் கலந்திருக்கும், அதைக் கொளுத்தாமல் வெளியே விட்டுவிட வேண்டும். விரிசலைத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீங்க, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்க.

விரிசல் விட்ட தொட்டி வேறு விதத்திலும் கெடுதல். மீத்தேன் எரியாமல் வானத்துக்குப் போனால், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தொட்டியைக் கட்டி, பழுது பார்க்காமல் விட்டால், குப்பைமேட்டில் கிடந்ததைவிட மோசம். ஆக, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத எந்த மானியத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

லாரி வருமுன்னே கணக்குப் போடுவோம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 'சதத்' என்று ஒரு திட்டம் அறிவித்தது. சாணம், கரும்பு ஆலை பிரஸ்மட், கோழி எச்சம், நகரக் குப்பை இவற்றிலிருந்து வாயு எடுத்து, சுத்தப்படுத்தி, அழுத்தி, வண்டிக்கு விற்பது. நாடு முழுக்க 5,000 ஆலைகள் 2023-க்குள் என்றார்கள். அதில் சிறு பங்குதான் நடந்தது. இப்போது நகர வாயு விநியோகக் கம்பெனிகள் 2025-26-லிருந்து ஒரு பங்கு இந்த வாயுவைக் கலந்தே ஆகணும், 2028-29-க்குள் ஐந்து பங்காக உயர்த்தணும் என்று விதி வந்திருக்கு. ஆகவே ஆலைகள் வரும். நமக்கு மேற்கே நாமக்கல் மாவட்டம். அங்கே புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்தில் வாயு எடுக்கிற பெரிய ஆலை வந்து பல வருஷம் ஆச்சு. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் பலவும் கழிவுநீரிலிருந்து வாயு எடுத்துத் தங்கள் எரிபொருள் செலவைக் குறைத்துக்கொண்டன. முன்பு அந்தக் கழிவுநீர் ஓடையில் ஓடி நாறியது, அந்த வகையில் நல்லதுதான்.

நாம் ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கைக் காட்டு என்கிறோம். ஒரு டன் சாணத்தில் 40 கன மீட்டர் வாயு வரும். சுத்தப்படுத்தி அழுத்தினால் 15, 16 கிலோ. எண்ணெய்க் கம்பெனிகள் 2018-ல் கிலோவுக்கு 46 ரூபாய் என்றன, 2022-ல் 54 ஆக்கின. அப்படியானால் ஒரு டன் சாணத்து வாயுவுக்கு 850 ரூபாய், அதாவது கிலோ சாணத்துக்கு 85 பைசா. அதிலேதான் ஆலைக்காரன் கரண்ட், ஆள், லாரி, வங்கி வட்டி எல்லாம் கட்டணும். சத்தீஸ்கரில் 2020 ஜூலையில் மாநில அரசே கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கத் தொடங்கியது. அங்கே சாணத்தை மண்புழு உரமாக்கி விற்கிற கணக்கில்தான் அந்த விலை போட்டார்கள், வாயுக் கணக்கில் போட்டிருந்தால் கட்டுபடியாகாது. இதிலிருந்து என்ன தெரிகிறது? வாயுவை மட்டும் வைத்துச் சாணத்துக்கு நல்ல விலை யாராலும் தர முடியாது. லாபம் எருவில் இருக்கு. எருவைக் கையில் வைத்திருக்கிறவன்தான் முதலாளி.

அதனால்தான் பாருங்க, 2023-ல் மத்திய அரசு இந்த ஆலைகள் விற்கிற இயற்கை எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. பெரிய ஆலை எருவுக்கு உதவி உண்டு. நீங்கள் வீட்டில் கரைத்து, சொந்த நிலத்துக்கு ஊற்றுகிற கரைசலுக்கு ஒரு நயாபைசா கிடையாது. சாணத்தைச் சும்மா கொடுத்துவிட்டு, அதே சாணத்தை மூட்டையில் விலைக்கு வாங்குகிற நாள் வந்தால் ஆச்சரியப்படாதீங்க. பிரஸ்மட்டையும் நினைத்துப் பாருங்க. ஆலையிலிருந்து வண்டி வாடகை மட்டும் கொடுத்து அடித்துப் போட்ட காலம் ஒன்று இருந்தது. வாயு ஆலைகள் அதற்குப் போட்டி போடுகிற இடத்தில் விவசாயிக்கு அந்த எரு எட்டாது.

ஜெர்மனியில் இன்னும் மோசமாகப் போனது. கழிவில் தொடங்கி, 2000-த்துக்குப் பிறகு அரசு உதவியால் வாயுவுக்கென்றே மக்காச்சோளம் போட்டார்கள், குத்தகை ஏறியது, பால் மாடு வைத்திருந்த சிறு விவசாயி நிலம் கிடைக்காமல் தவித்தான். அங்கேயே இப்படி என்றால், காணி நிலத்துக்காரன் நிறைந்த நம்ம நாட்டில் யோசித்துப் பாருங்க.

நம்மைவிடக் கீழே இருக்கிறவர்களையும் மறக்கக் கூடாது. மாடு இல்லாத கூலிக்காரத் தாய், சாலையில் விழுகிற சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டி அடுப்பெரிக்கிறாள். சாணத்துக்கு விலை வந்த அன்றே அது அவள் கைக்கு எட்டாது. கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம் குணிகல் பக்கம் புரா என்று ஒரு சின்னக் கிராமம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஏ.கே.என். ரெட்டி குழுவினர் அங்கே ஊர்ப் பொதுத் தொட்டி கட்டினார்கள். வீட்டுக்கு வீடு சமையல் வாயு கொடுக்கத்தான் நினைத்தார்கள், ஊர்ச் சாணம் அத்தனைக்கும் பத்தவில்லை. அதனால் 1987-ல் மாற்றி யோசித்து, வாயுவில் இஞ்சின் ஓட்டி, போர்வெல் தண்ணீரைத் தெருக்குழாய்க்கும், மின்விளக்கை வீட்டுக்கும் கொடுத்தார்கள். மாடு இல்லாதவன் வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் வந்தது. சாணம் கொடுத்தவருக்கு எடை போட்டு எரு திரும்பியது, கொண்டுவந்து போட்ட பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியும் கிடைத்தது. ஏறக்குறைய பத்து வருஷம் ஓடி, பிறகு நின்றது. நின்றாலும் எடை போட்டு எரு திருப்பிக் கொடுத்த அந்த ஏற்பாடு நமக்கு வேணும்.

அதே கர்நாடகத்தில் பாகேபள்ளியில் கூலிக்காரர்கள் சங்கம் 5,500 வீடுகளுக்குத் தொட்டித் திட்டம் போட்டது. 2005-ல் ஐ.நா. கார்பன் திட்டத்தில் பதிவு செய்து, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கார்பன் கணக்கை விற்று அந்தக் காசில் தொட்டி கட்டினார்கள். கம்பெனி செய்யவில்லை, சங்கம் செய்தது. இதை அழுத்திச் சொல்கிறோம்.

டவுன் குப்பை

டவுன் குப்பைக்கு வருவோம். திருச்சி அரியமங்கலத்தில் நாற்பது ஏக்கருக்கு மேல் மலை மாதிரி குப்பை குவிந்து, தீப்பிடித்து, சுற்றியிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறியது ஊரறிந்த சங்கதி. நம்ம சின்ன ஊர்களில் மலை இல்லை, வாய்க்கால் கரை இருக்கு. பங்குனியில் மதுரகாளியம்மன் தேர் முடிந்த மறுநாள் எவ்வளவு இலையும் சோறும் குவிகிறது! ஏலக் கடை, ஓட்டல், மண்டபம் இதெல்லாம் சேர்ந்தால் ஒரு பொதுத் தொட்டிக்குத் தீனி உண்டு. ஆனால் மட்கும் குப்பை தனியா வரணும். லக்னோவில் நகரக் குப்பையில் 5 மெகாவாட் கரண்ட் எடுக்க 2003-ல் ஆலை கட்டினார்கள், மண்ணும் பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் கலந்து வந்து ஆலை மூடிப்போனது. இந்தூரில் வீட்டிலேயே பிரித்து வாங்கிப் பழக்கின பிறகு 2022 பிப்ரவரியில் நாளைக்கு 550 டன் ஆலை திறந்தார்கள், ஓடுகிறது. பிரித்துக் கொடுக்கணும் என்று 2016 விதியே சொன்னது. பிளாஸ்டிக் கலந்த கரைசலை எந்த விவசாயியும் நிலத்தில் விட மாட்டான், விடவும் கூடாது. பக்கத்து முசிறியில் 2000-களின் நடுவிலேயே மலத்தையும் சிறுநீரையும் பிரித்து எருவாக்குகிற கழிப்பறை கட்டி நாடே வந்து பார்த்தது. நம்ம ஜனங்களுக்குப் பிரிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நாம் கேட்பது

மானியத்தைப் பாருங்க. 2022-ல் போட்ட திட்டத்தில் ஒரு கன மீட்டர் தொட்டிக்குப் பொதுப் பிரிவுக்கு 9,800 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 17,000. ரெண்டிலிருந்து நாலு கன மீட்டருக்கு 14,350, 22,000. கட்டி முடித்து, ஆய்வு செய்த பிறகுதான் கணக்கில் ஏறும். செங்கல், சிமெண்ட், கூலி எல்லாம் முன்பணம் போட ரெண்டு மாட்டுக்காரனிடம் எங்கே காசு? சங்கத்திலிருந்து ஒரு அலுவலகத்தில் விசாரிக்கப் போனோம். 'இந்த வருஷம் இலக்கு முடிஞ்சது, அடுத்த வருஷம் பாருங்க' என்றார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க என்று கேட்டோம். பதில் இல்லை. 2026 மார்ச் வரைக்கும் என்று வகுத்த திட்டம் அது. அடுத்த கட்டத்திலாவது மானியத்தில் பாதியை வேலை தொடங்கும்போதே கொடுக்கணும், மீதிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியில்லாக் கடன் வேணும்.

புதுத் தொட்டிக்கு முன்னால், செத்த தொட்டிகளைக் கணக்கெடுத்துப் பழுது பார்க்க நிதி வேணும். புதுசு கட்டுவதைவிடச் செலவு குறைவு, இதை ஏன் எந்தத் திட்டமும் முன்னால் வைப்பதில்லை என்று நமக்கு விளங்கவில்லை. திறப்பு விழா நடத்த முடியாது என்பதாலோ என்னவோ! நம்ம வட்டாரப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கொத்து வேலையும் குழாய் வேலையும் பயிற்சி கொடுத்து, கட்டினவர் ஐந்து வருஷம் பழுது பார்க்கணும் என்று எழுதி வாங்கணும். மாடு குறைந்த தெருவுக்கு நாலைந்து வீடு சேர்ந்த தொட்டிக்கும் மானியம் கொடுக்கணும்.

நம்ம பகுதிக்கு ஆலை எதுவும் வருவதானால், கிராம சபையில் கணக்கைப் படித்துக் காட்டின பிறகே வரணும். வாய்க்காலுக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் பக்கத்தில் கூடாது. சாணம், தண்டு எதுவானாலும் எடை போட்டு விலை, அதற்குண்டான எரு கொடுத்தவருக்கே திரும்பணும், ஒப்பந்தம் தமிழில் இருக்கணும். டன்னுக்கு 1,500 என்கிற உதவி வீட்டுத் தொட்டிக் கரைசலுக்கும் கணக்குப் போட்டு வரணும்.

இதையெல்லாம் மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், அடுத்த மாதம் எல்லோரும் சேர்ந்து போய்க் கொடுக்கிறோம். கையில் சாணக் கூடையும் காலி சிலிண்டரும் எடுத்துப் போகலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், நிர்வாகக் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை, வாசலில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்க. தேதி உறுதியானதும் டீக்கடைப் பலகையில் எழுதிவிடுவோம்.

அதற்குள் ஒரு வேலை. ஒவ்வொரு கிளையும் தங்கள் ஊரில் வீட்டுக்கு எத்தனை மாடு, பழைய தொட்டி இருந்தால் கட்டின வருஷம், அளவு, எந்த வருஷம் நின்றது, ஏன் நின்றது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதணும். பெண்களிடம் கேட்டு எழுதுங்க, அடுப்பு எப்போது அணைந்தது என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். மூடிக் கிடக்கிற தொட்டி எதையும் திறந்து பார்க்க வேண்டாம். நோட்டுகளை அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்க.